கறுப்பு வெள்ளை ரிவி ஒன்றை வீட்டில் செய்வது: முதலில் தட்டு, பிறகுதான் ரியூப்

பழைய ரிவி ஒன்றைத் தன் கையால் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் செய்கிற வேலை, யாரோ வீட்டுக் கோடியில் கிடந்த 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்மூடியைக் கழற்றுவது. இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் 10,000 வோல்ற் அளவில் மின்சாரம் இருக்கிறது, அணைத்த பிறகும் படம் தெரிகிற கண்ணாடி ரியூபில் தங்கி நிற்கிறது, அனுபவம் இல்லாத கைக்கு அது ஏற்றதல்ல. உங்கள் முதல் ரிவி ரியூப் இல்லாத ரிவியாக இருக்கட்டும். சுழலும் தட்டு ஒன்று, அதில் 32 துளைகள், பின்னால் சில எல்இடி, ஒரு 12 வோல்ற் பற்றரி, சட்டைப்பையில் இருக்கிற போன். இவ்வளவுதான் சாமான். இதைச் செய்து முடித்தவருக்கு ரிவி என்றால் என்ன என்பது கையிலேயே பிடிபட்டுவிடும், அப்புறம் ரியூப் பெட்டியைத் திறந்தால் எது எதற்கு என்று தெரியும்.

இது விளையாட்டுச் சாமான் இல்லை, உண்மையான ரிவி. போல் நிப்கோ என்ற ஜெர்மன்காரர் 1884இல் இந்தத் தட்டுக்குக் காப்புரிமை கேட்டார். ஜோன் லோகி பெயர்ட் 1926 ஜனவரி 26இல் லண்டனில் இதே வழியில் மனித முகத்தை அசைவோடு காட்டினார். பிறகு பிபிசி 1935 வரை 30 வரிப் படத்தை ஒலிபரப்பியது, ஆட்கள் வீட்டில் தட்டு வெட்டிப் பார்த்தார்கள். படத்தை நெட்டாக நிற்கிற 30 கோடுகளாகக் கீறி, ஒரு நொடிக்கு பன்னிரண்டரைத் தடவை காட்டுவது பெயர்டின் முறை. இன்று பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் 32 கோடு வைக்கிறார்கள், வேகம் அதேதான். தட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் ஒரு கோடு கீறும், பின்னால் இருக்கிற வெளிச்சம் படச் சமிக்ஞைக்கு ஏற்பக் கூடிக் குறையும், கோடுகள் சேர்ந்து கண்ணுக்குப் படமாகத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இந்தப் படச் சமிக்ஞை அவ்வளவு சிறியது, ஒரு பாட்டுப் பதிவு செய்கிற இடத்துக்குள் அடங்கிவிடும். பெயர்ட் 1927இலேயே படத்தைக் கிராமபோன் தட்டில் பதிந்து பார்த்திருக்கிறார். நாம் அதையே போனில் ஒரு ஒலிக் கோப்பாக வைத்து, இயர்போன் துளையிலிருந்து எடுக்கப்போகிறோம். காதில் வைத்துக் கேட்டால் கரகரவென்று ஒரு இரைச்சல், தட்டுக்குப் பின்னால் போட்டால் ஒரு முகம்.

வன்னிக்கு இது பொருத்தமான வேலை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990க்குப் பிறகு கறண்ட் இல்லாத அந்த நீண்ட காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. டிரக்ரர் பற்றரியில் சின்ன ரிவி ஓடிய வீடுகளும், ஜெனறேற்றர் பிடித்து டெக்கில் விடிய விடியப் படம் போட்ட முற்றங்களும் இங்கே நிறைய. 12 வோல்றில் எது ஓடும், எது ஓடாது என்று நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். ரியூப் ரிவிக்கு அது காணாது. தட்டு ரிவிக்கோ மோட்டரும் எல்இடியும் சேர்த்துச் சில வாற் போதும், ஒரு மோட்டர் சைக்கிள் பற்றரியே தாராளம்.

சாமான் எங்கே எடுப்பது

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவி எங்கேயும் ரிவி, போன் திருத்துகிற கடைகளில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் பார்த்தால் பழைய பிரின்ரர் மோட்டர், வொலியூம் குமிழ், ட்ரான்சிஸ்டர் எல்லாம் கிடைக்கும், கடைக்காரர் சின்னக் காசுக்கே தருவார், சில நேரம் சும்மாவே தருவார். இரும்புக் கடையிலும் தேடலாம். ஆனால் கடையில் மட்டும் தேடுங்கள். காட்டோரத்திலும், துப்புரவு செய்யாத காணியிலும், மண்ணுக்குள் பாதி புதைந்தும் கிடக்கிற எந்த உலோகத்தையும் தொடாதீர்கள், பார்க்க மோட்டர் மாதிரி இருந்தாலும் சரி. போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் இரும்பு பொறுக்கப் போய்க் கையை இழந்த கதைகள் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தட்டு

நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாம் பிழைத்தால் திருத்தலாம், தட்டு பிழைத்தால் படம் கடைசிவரை கோடு கோடாகத்தான் இருக்கும்.

அச்சகங்களில் பயன்படுத்திக் கழிக்கிற மெல்லிய அலுமினியத் தகடு கிடைத்தால் நல்லது, கத்தரிக்கோலால் வெட்டலாம். இல்லாவிட்டால் தடித்த கறுப்பு மட்டையும் போதும். தட்டின் விட்டம் 28 சென்ரிமீற்றர். இந்த அளவைச் சொல்வதற்குக் காரணம், ஏ3 தாளில் அச்சிடக்கூடிய வட்டம் ஏறத்தாழ அவ்வளவுதான். கணினியில் இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து, கொமினிக்கேஷன் கடையில் கொடுத்து, அளவைச் சுருக்காமல் 100 வீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் 200 மில்லிமீற்றர் கோடு ஒன்றும் போட்டு வையுங்கள், அச்சான பிறகு அடிமட்டத்தால் அதை அளந்து பார்க்கலாம். கவராயமும் பாகைமானியும் வைத்துக் கையால் வரையலாமா என்று கேட்பார்கள். வரையலாம், ஆனால் அரை மில்லி பிழைத்தாலே படத்தில் கறுப்புக் கோடு விழும்.

கணக்கு இதுதான். 32 துளைகள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 11.25 பாகை. முதலாவது துளை மையத்திலிருந்து 130 மில்லிமீற்றர், அடுத்தது 129.5, அதற்கடுத்தது 129, இப்படி ஒவ்வொன்றும் அரை மில்லி உள்ளே போய் 32ஆவது துளை 114.5இல் நிற்கும். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் போகப் போகத் துளைகள் உள்ளே வர வேண்டும். இதில் கிடைக்கிற படம் 24 மில்லி உயரம், 16 மில்லி அகலம். ஆம், தபால் முத்திரை அளவுதான். முன்னால் ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் மூன்று பேர் தலையை ஒட்டிக்கொண்டு பார்க்கலாம். பெயர்டின் பெட்டியிலும் வில்லை வைத்துத்தான் பார்த்தார்கள்.

அச்சிட்ட தாளைத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் ஒரு சின்னக் குழி போட்டுவிட்டு, பிறகு 0.5 அல்லது 0.6 மில்லி துளைக் கம்பியால் துளையுங்கள். குழி போடாமல் நேரே துளைத்தால் கம்பி வழுக்கும். மட்டை என்றால் தையல் ஊசியே போதும், பின்பக்கம் எழும்புகிற பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். முடிந்ததும் தாளை உரித்து, தட்டின் இரண்டு பக்கமும் மினுக்கமில்லாத கறுப்புப் பூச்சு. துளைக்குள் பூச்சு அடைத்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள். மையத்துக்குக் கிட்ட, 16 சம பங்காகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு பூசிய ஒரு சின்னக் கடதாசி வட்டத்தை ஒட்டுங்கள், அதாவது 8 கறுப்பு, 8 வெள்ளை. அது எதற்கு என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சுழற்றுவது

ஒரு நொடிக்கு 12.5 படம், ஒரு சுற்றுக்கு ஒரு படம், ஆகவே நிமிடத்துக்கு 750 சுற்று. பழைய பிரின்ரரில் இருக்கிற நேர்மின் மோட்டரைக் குறைந்த வோல்றில் ஓட்டினால் இந்த வேகம் வரும். கசெற் பிளேயர் மோட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது ஏறத்தாழ 2,400 சுற்றில் ஓடுவதற்கென்று அமைத்தது, நேரே பூட்ட முடியாது, பட்டி போட்டு மூன்று மடங்குக்கு மேல் குறைக்க வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த, வோல்றைக் கூட்டிக் குறைக்கிற எல்எம்317 சிப் ஒன்றும் ஒரு வொலியூம் குமிழும். முடிந்தால் இரண்டு குமிழ் போடுங்கள், பெரிய மாற்றத்துக்கு ஒன்று, நுணுக்கமாகத் திருப்ப ஒன்று, ஏனென்றால் ஒரு குமிழை வைத்து 750இல் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். எல்எம்317 சூடாகும், அலுமினியத் துண்டு ஒன்றில் இறுக்கிப் பூட்டுங்கள். மோட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 நானோஃபராட் மின்தேக்கி ஒன்றையும் ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டரின் பொறி படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எல்லாவற்றையும் கனமான பலகையில் பூட்டுங்கள். தச்சுப் பட்டறையில் முதிரை, பாலைத் துண்டுகள் கழிவாகக் கிடக்கும், கனமாக இருந்தால் அதிர்வு குறையும். மோட்டருக்கு அடியில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை வையுங்கள். தட்டை முதல் தடவை சுழற்றும்போது அதன் ஓரத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மெல்லிய தகடு வேகமாகச் சுழன்றால் அது கத்திதான். தட்டு ஆடினால் எதிர்ப்பக்கத்தில் ஒரு துளி பசை அல்லது ஒட்டுநாடாத் துண்டு வைத்துச் சமன் செய்யலாம்.

இப்போது அந்த 8 கறுப்புப் பட்டை. வீட்டுக் கறண்டில் எரிகிற விளக்கு ஒரு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது, 750 சுற்றில் தட்டு ஒரு மினுக்கத்துக்குச் சரியாக எட்டில் ஒரு பங்கு நகரும், ஆகவே பட்டைகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும். மலிவான எல்இடி பல்ப் இதற்கு நல்லது, விலை கூடியது மினுங்காது. எட்டுக்குப் பதிலாக மங்கலாகப் பதினாறு பட்டை நிற்பதாகத் தெரிந்தால் நீங்கள் பாதி வேகத்தில் இருக்கிறீர்கள்.

வெளிச்சம்

பெயர்ட் காலத்தில் நியோன் விளக்கு வைத்தார்கள், அதற்கு நூற்றுக்கு மேல் வோல்ற் வேண்டும். நமக்கு 6 எல்இடி போதும். வெள்ளை போட்டால் கறுப்பு வெள்ளைப் படம், செம்மஞ்சள் போட்டால் அந்தக் கால நியோன் நிறம். இரண்டு இரண்டாகத் தொடராக இணைத்து மூன்று வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் 100 ஓம் தடை, மேல்முனை 12 வோல்றுக்கு. கீழ்முனை மூன்றையும் சேர்த்து பிடி139 ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கு. எமிற்றர் காலிலிருந்து 22 ஓம் தடை வழியாகப் பற்றரியின் மறை முனைக்கு. மூன்றாவது காலான பேஸுக்கு இரண்டு வயர் வரும்: ஒன்று, 12 வோல்றுக்கும் மறை முனைக்கும் இடையில் பூட்டிய 10 கிலோ ஓம் குமிழின் நடுக்காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக, இதுதான் வெளிச்சக் குமிழ். மற்றது போனிலிருந்து 100 மைக்ரோஃபராட் மின்தேக்கி வழியாக, அதன் நேர் முனை ட்ரான்சிஸ்டர் பக்கம் இருக்கட்டும். போன் வயரின் பொதுக் கம்பி பற்றரியின் மறை முனைக்கு. வெளிச்சக் குமிழை முதலில் குறைந்த பக்கம் திருப்பி வைத்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள். ஒரேயடியாகத் திருப்பினால் எல்இடி போய்விடும்.

எல்இடிகளைத் தட்டுக்குப் பின்னால், நீங்கள் பார்க்கும் பக்கத்திலிருந்து வலது கைப் பக்கமாக வையுங்கள். அவற்றுக்கு முன்னால் ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய வெள்ளைப் பிளாஸ்ரிக், வெளிச்சம் சமமாகப் பரவ. அதற்கும் முன்னால் 24க்கு 16 மில்லியில் ஜன்னல் வெட்டிய கறுப்பு மட்டை, ஜன்னலின் நடு, தட்டின் மையத்திலிருந்து 122 மில்லியில்.

படம் வரவைப்பது

சாதாரண வீடியோவை 32 வரி ஒலிக் கோப்பாக மாற்றுகிற இலவச மென்பொருட்கள் இணையத்தில் இருக்கின்றன. கோப்பை வேவ் வடிவிலேயே வைத்திருங்கள். எம்பி3 ஆக்கினால், காதுக்குக் கேட்காது என்று அது வெட்டுகிற பகுதியில்தான் நமது படத்தின் விளிம்புகள் இருக்கும். புளூரூத்தும் அதே காரணத்துக்காக வேண்டாம், வயர் போடுங்கள். போனில் பேஸ் கூட்டுவது, சவுண்ட் எஃபெக்ற் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முதல் படத்துக்கு எதைப் போடுவது? தூரக் காட்சி வேண்டாம். 32 கோட்டில் குளமும் வயலும் வெறும் சாம்பல்தான். ஒரு முகம், கறுப்புப் பின்னணி, பக்கத்திலிருந்து வெளிச்சம், தலையைக் கொஞ்சம் அசைக்கச் சொல்லுங்கள். அசையாத முகம் அடையாளம் தெரியாது, அசைந்தவுடன் யார் என்று தெரிந்துவிடும். வீட்டில் அம்மம்மாவின் முகத்தைப் பதிந்து அவருக்கே காட்டிப் பாருங்கள்.

அறையை இருட்டாக்கி, தட்டை முன்பக்கமிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலவிட்டு, கோப்பை ஓட்டி, பட்டை நிற்கும் வரை வேகத்தைச் சரிசெய்யுங்கள். முதலில் தெரிவது சரிந்து ஓடும் வரிகள்தான், பயப்பட வேண்டாம். படம் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் தட்டு வேகம் காணாது, மேலே ஏறினால் வேகம் கூட. முகம் இரண்டாக வெட்டுப்பட்டு நின்றால் வேகம் சரி, தொடங்கிய இடம்தான் பிழை, தட்டு அச்சை விரலால் ஒரு கணம் தொட்டு விடுங்கள், அது வழுக்கி இடத்துக்கு வரும். தலைகீழாகத் தெரிந்தால் மோட்டர் வயரை மாற்றுங்கள். இடம் வலம் மாறித் தெரிந்தால் தட்டைக் கழற்றிப் பின்பக்கம் முன்னால் வரப் பூட்டுங்கள். போட்டோ நெகற்றிவ் மாதிரி வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் வந்தால் கோப்பை ஓடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் திறந்து தலைமாற்றி, இன்வேர்ட் என்ற கட்டளை அது, திரும்பச் சேமியுங்கள். நிலையான கறுப்புக் கோடு ஒன்று நெடுக நின்றால் அந்த இடத்துத் துளை தள்ளிப் போயிருக்கிறது, ஊசியால் கொஞ்சம் பெருப்பித்துப் பாருங்கள்.

வேகத்தைக் கையால் பிடித்துக்கொண்டே இருப்பது அலுத்துப்போனால், தட்டில் ஒரு ஒளி உணரியும் 4046 சிப்பும் வைத்துத் தானாகவே பூட்டிக்கொள்ளச் செய்யலாம். அது இரண்டாவது தட்டுக்கு.

ரியூபுக்கு வரும்போது

தட்டில் பார்த்த அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது, துளைக்குப் பதில் எலெக்ட்ரோன் கற்றை, 32க்குப் பதில் 625 வரி, நொடிக்கு 15,625 கோடு. தொடங்குகிறவர்கள் 5.5 அங்குல ரியூப் உள்ள 12 வோல்ற் சின்னப் பெட்டியைத் தேடுங்கள். றேடியோவும் சேர்ந்து வந்தவை அவை. பலவற்றில் கேஏ2915 போன்ற ஒரே சிப்தான் முக்கால்வாசி வேலையையும் செய்கிறது, ஆகவே சுற்றுப் பலகையை அப்படியே எடுத்து, உங்கள் மரப்பெட்டிக்குள் பூட்டி, புதிதாக வயர் போட்டு எழுப்பலாம். பலகையையும் முதலிலிருந்தே செய்ய நினைத்தாலும் ஃப்ளைபக்கும் (உயர் வோல்ற் தருகிற மின்மாற்றி) யோக்கும் (ரியூபின் கழுத்தைச் சுற்றி இருக்கிற கம்பிச்சுருள்) அந்த ரியூபோடு வந்தவையாகவே இருக்கட்டும், அவை சோடி.

ரியூபைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றி, பிளாஸ்ரிக் பிடி உள்ள திருகாணிச் சாவியில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மற்ற முனையை ரியூபின் வெளிக் கறுப்புப் பூச்சைத் தொட்டு நிற்கிற செப்புப் பின்னலில் பூட்டிவிட்டு, சாவி நுனியை, ஃப்ளைபக்கிலிருந்து வரும் தடித்த வயர் ரியூபில் சேருகிற இடத்தில் இருக்கும் உறிஞ்சுகிண்ண இறப்பருக்குக் கீழே நுழைத்துத் தொடுங்கள். டிக் என்று ஒரு சத்தம் வரலாம். ஒரு நிமிடம் விட்டுத் திரும்பவும் செய்யுங்கள், மின்னூட்டம் திரும்பி வருவதுண்டு. ஒரு கை இடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். ரியூபின் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் மெலிந்த இடம் அதுதான், உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

பழைய பெட்டிக்குள் பல்லி, கரப்பான், செம்மண் தூசி எல்லாம் இருக்கும், ஃப்ளைபக்கைச் சுற்றி இருப்பதைத் தூரிகையால் நன்றாகத் துடைத்த பிறகே கறண்ட் கொடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய பெட்டி என்றால் ஒரு விஷயம். இலங்கை முறையில் ஒலி படத்திலிருந்து 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும். லண்டன் பெட்டி 6க்கு அமைத்தது, படம் வரும், சத்தம் வராது. கனடாப் பெட்டி 525 வரிக்கும் 4.5க்கும் அமைத்தது, படம் உருளும், உருளாமல் படத்தைப் பிடித்து நிறுத்துகிற குமிழைத் திருப்பினால் சில பெட்டிகளில் நிற்கும். பிரான்ஸ் முறைக்கு மட்டுமே அமைத்த பெட்டியில் படம் நெகற்றிவாக வரும். அதைக் கழற்றித் திருத்தப் போகாதீர்கள், பெட்டியில் பிழை இல்லை.

படத்துக்கு அன்ரெனாவை மட்டும் நம்ப வேண்டாம். 1990இல் அழிந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தை 2011இல் 174 மீற்றர் உயரத்தில் திரும்ப எழுப்பினார்கள், அதற்குக் கிட்ட இருப்பவர்கள் ஒரு அன்ரெனாவைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் ஒளிபரப்பை டிஜிற்றலாக்கும் பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது, பழைய பெட்டி அதைப் படிக்காது. டிஷ் பெட்டி அல்லது டிவிடி பிளேயரின் மஞ்சள் துளையிலிருந்து, படத்தை அன்ரெனாச் சமிக்ஞையாக மாற்றுகிற ஆர்எஃப் மொடுலேற்றர் ஒன்றுக்கு வயர் போட்டு, அதிலிருந்து அன்ரெனாத் துளைக்குக் கொடுத்தால் போதும். நிறம் உள்ள இடங்களில் பொடிப் புள்ளிகள் ஊரும், நிறச் சமிக்ஞை அப்படித்தான் தெரியும்.

பற்றரிக் கணக்கு: 14 அங்குலப் பெட்டி 12 வோல்றில் இரண்டரை அம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 40 அம்பியர் மணிப் பற்றரியைப் பாதிவரை இறக்கி 8 மணி நேரம் ஓட்டலாம். அதற்கு மேல் இறக்கினால் பற்றரி சீக்கிரம் சாகும். நேர் முனை வயரில் பியூஸ் கட்டாயம், முனை மாறிப் பூட்டினால் போவது பியூஸாக இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு முதல் தடவை போடும்போது பெட்டியைத் திறந்து ஒரு வெயில் காயவிட்டுப் போடுங்கள், இடி முழங்கத் தொடங்கினால் படம் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அன்ரெனா வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.